ஆறு பத்து பஸ்

கண்டக்டர் பஸ்ஸின் தகரத்தில் இரண்டு முறை ஓங்கித் தட்டுவார். "ரைட், போலாம்!" ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கேட்ட ஓசை. இன்னும் காதில் இருக்கிறது.

எங்கள் ஊருக்கு வங்கியையும் தண்ணீர்த் தொட்டியையும் நூலகத்தையும் கொண்டுவந்தவர் ஆவுடையப்பன். அவரிடம் இருபது ஆண்டு தொழில் கற்று அந்த வங்கிக்கே மேலாளர் ஆனவர் சங்கரலிங்கம்.

பெண்கள் கல்லூரியை எங்கள் ஊருக்குக் கொடுப்பதா, பக்கத்து ஊருக்குக் கொடுப்பதா என்று முடிவுசெய்ய ஓர் அதிகாரி வந்து தங்கியிருந்தார்.

"அண்ணாச்சி, நாளைக்கு அவருக்கு எதைக் காட்டலாம்?" என்று கேட்டார் சங்கரலிங்கம்.

"நீரு என்ன நினைக்கீரு?"

"நம்ம வங்கிக் கட்டடம். மொசைக் தரையைப் பார்த்தா அசந்திருவாரு. பஸ் ஸ்டாண்டு பக்கம் மட்டும் வேண்டாம். ஒரு கூரை கூட இல்ல, மானம் போயிரும்."

"சரி. காலையில ஆறு மணிக்குக் கூட்டிட்டு வாரும்."

"ஆறு மணிக்கு வங்கி ஏது அண்ணாச்சி?"

"வாரும் வே."

மறுநாள் விடியும்போதே மழை. ஆவுடையப்பன் இருவரையும் நேரே பஸ் ஸ்டாண்டுக்கு அழைத்துப் போனார். சங்கரலிங்கத்தின் முகம் சுண்டிவிட்டது.

நாற்பது மைல் தள்ளியிருந்த கல்லூரிக்குப் போகும் பெண்கள், புத்தகங்களைத் தாவணியால் மூடிக்கொண்டு நனைந்தபடி நின்றார்கள். ஆறு பத்து பஸ் வந்து நிற்பதற்குள் ஏறத் தொடங்கினார்கள்.

"எத்தனை பேர்?" என்றார் அதிகாரி.

"எண்ணிக்கோங்க சார்."

அதிகாரி எண்ணினார். அறுபத்திரண்டு.

"பஸ்ஸில் இருக்கை?"

"நாற்பத்தெட்டு."

கடைசியாக ஏறியவளுக்குப் படியில் ஒரு கால் வைக்கத்தான் இடம் இருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா! நீங்க எங்க இங்க?"

சங்கரலிங்கத்தின் மகள் கோமதி. அவர் பதில் சொல்வதற்குள் தகரம் தட்டப்பட்டது. பஸ் போய்விட்டது.

"உட்கார இடம் கிடைக்குதுன்னுதானே தினமும் சொல்லுவா" என்றார் அவர், யாரையும் பார்க்காமல்.

அதிகாரி குடையைச் சரிசெய்துகொண்டார். "ஏதோ பெரிய கட்டடம் காட்டப்போவதாகச் சொன்னார்களே?"

"நேத்தும் அறுபத்திரண்டு பேருதான் சார்" என்றார் ஆவுடையப்பன். "நேத்து மழை இல்ல."



கல்லூரி எங்கள் ஊருக்கு வந்தது. கட்டி முடிக்க மூன்று வருடம் ஆனது. கோமதி அதில் படிக்கவில்லை. அந்த பஸ்ஸிலேயே போய்ப் பட்டம் வாங்கினாள். பிறகு எங்கள் ஊர்க் கல்லூரியில் முப்பத்தோர் ஆண்டு இயற்பியல் சொல்லிக்கொடுத்தாள்.