நாலாவது மாடிக்கு ஒரு ஸ்கூட்டர்

குரு என்றதும் தாடியைத் தேடாதீர்கள். இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்தேழு வயது. பெயர் ஜெசிந்தா, பாளையங்கோட்டையில் கட்டடங்களுக்குப் பிளான் போடுகிறவர். சீடர் ஆவுடையப்பனுக்கு அறுபத்தொன்று. அரசாங்க ஆபீஸில் முப்பது வருஷம் அடுத்தவர் போட்ட பிளானுக்குக் கோடு இழுத்தே காலம் போய்விட்டது. சாவதற்குள் சொந்தமாக ஒரு கட்டடமாவது வரைந்துவிட வேண்டும் என்று, ஓய்வு பெற்ற கையோடு ஜெசிந்தாவிடம் வந்து சேர்ந்தார்.

அது வாய்த்தும் விட்டது. ஒரு கல்லூரிக்கு நாலு மாடி வாகன நிறுத்தம். அன்றைக்கு மூன்று மணிக்குச் செயலாளர் முன்னால் பிளானை விரிக்க வேண்டும். குரு கையெழுத்துப் போட்டால், மனுஷன் பெயர் முதன்முதலாக ஒரு பிளானின் மூலையில் ஏறும். போடாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

காலையில் கல்லூரி மைதானத்தில் தன் காரை நிறுத்தி, அதன் மேலேயே தாள்களை விரித்தார் ஆவுடையப்பன். நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

"தரையும் முதல் மாடியும் காருக்கு, மேடம். அதுக்கு மேல மூணு மாடியும் பிள்ளைங்க ஸ்கூட்டர், பைக்குக்கு. பாரம் கீழ, லேசு மேல. கம்பி எவ்வளவு மிச்சம் பாருங்க! இதுல ஒரு குறை சொல்லுங்க பாப்போம்."

ஜெசிந்தா நிதானமாக ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

"கணக்குல ஒரு குறையும் இல்ல, அண்ணாச்சி."

"அப்போ கையெழுத்து?"

"கடைசியா ஸ்கூட்டர் எப்ப ஓட்டுனீங்க?"

"அது ஆச்சு, இருபது வருஷம். ஏன் கேக்கீங்க?"

ஜெசிந்தா தன் ஸ்கூட்டர் சாவியை நீட்டினார். கலையரங்கத்துக்குப் பக்கத்தில் ஜெனரேட்டர் ஏற்றுவதற்கென்று ஒரு சிமெண்ட் சரிவு இருந்தது.

"உங்க படத்துல இருக்க அதே சரிவு. எட்டடிக்கு ஓரடி ஏத்தம். நான் நடுவுல நிக்கேன், ஏறி வாங்க."

"இவ்வளவுதானா?" ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இருங்க." ஜெசிந்தா புத்தகப் பை ஒன்றை அவர் தோளில் மாட்டினார். வண்டிக் கொக்கியில் அவருடைய சாப்பாட்டுக் கேரியரையே தொங்கவிட்டார். வாட்ச்மேன் சுடலையைச் சரிவில் வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வரச் சொன்னார். அது எதற்கென்று ஆவுடையப்பன் கேட்கவில்லை.

வண்டி ஜம்மென்று ஏறியது. பாதி வழியில் ஜெசிந்தா கையைக் காட்டினார்.

"நில்லுங்க. டோக்கன் வாங்கிட்டுப் போங்க."

பிளானில் சரிவின் நடுவில்தான் டோக்கன் கூண்டு. வரைந்தவரே அவர்தானே! இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்து நின்றார். டோக்கன் வாங்க வலது கையை எடுத்தார். வண்டி பின்னால் நழுவியது. காலை ஊன்றினால் செருப்பு வழுக்குகிறது, பை ஒரு பக்கமாக இழுக்கிறது.

"அய்யய்யோ, பிடிய்யா! பிடி, பிடி!"

சுடலை பிடித்துக்கொண்டார். கேரியர் கொக்கியிலிருந்து கழன்று விழுந்தது. சாம்பார் சரிவு முழுக்க ஓடியது.

ஆவுடையப்பன் இறங்கி நின்றார். சுடலை பார்க்கிறாரே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

"கூண்டைக் கீழ தரையில வச்சிருதேன் மேடம்."

"வைங்க."

"கையெழுத்து?"

"மழையும் பெய்யும், அண்ணாச்சி. முன்னால போற வண்டி பொசுக்குன்னு நிக்கும். பின்னால ஒரு பிள்ளை உக்காந்திருக்கும்."

ஆவுடையப்பன் சரிவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு காருக்குப் போய்ப் பென்சிலை எடுத்தார். இழுத்த கோட்டை அடிக்க அவருக்கு மனசே வராது, அடித்தார். ஸ்கூட்டரும் பைக்கும் கீழே இறங்கின, கார்கள் மேலே போயின.

"தூண் தடிக்கும், கம்பி கூடும். புதுசா கணக்குப் போடணும். அது கெடக்கு, எனக்கு அதெல்லாம் தூசு." பென்சில் நின்றது. "ஆனா செயலாளர் விடுவாரா மேடம்? 'எங் காரை நான் எதுக்கு நாலாவது மாடிக்கு ஏத்தணும், பிள்ளைங்க ஏறட்டுமே'ன்னு கேப்பாரே. அப்ப நான் என்ன சொல்ல?"

ஜெசிந்தா அந்த அடித்துத் திருத்திய தாளிலேயே, ஆவுடையப்பன் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார் ஆவுடையப்பன். கண் கலங்கிவிட்டது. அப்புறம்தான் கையில் இருந்த ஸ்கூட்டர் சாவி ஞாபகம் வந்து நீட்டினார்.

ஜெசிந்தா அதை வாங்கவில்லை.

"வச்சுக்கோங்க, அண்ணாச்சி. அவர் கேட்டா, அதை அவர் கையில குடுங்க."