ரங்கியின் கையில் ஒரு கறுப்பு மணி

மலைப் பதிகளில், அதாவது பழங்குடிக் குடியிருப்புகளில், அரிவாள் நோயைப் பற்றி எடுத்துச் சொல்வது கெம்பியின் வேலை. ரத்த அணு அரிவாளாய் வளைந்து, ஓட்டம் அடைபட்டு, எலும்புக்குள் வலி பிடுங்குகிற நோய் அது. அவளுக்கே அது உண்டு. இடுப்பைச் சாய்த்துத்தான் நடப்பாள். அவளிடம் வேலை பழக வந்த நஞ்சன் வயதில் மூத்தவன். ஆனாலும் வாய் நிறைய "டீச்சர்" என்பான்.

ஒரு மழை நாளில் முகம் தொங்கிப்போய் வந்து நின்றான்.

"டீச்சர், நீங்க சொல்லிக் குடுத்தபடிதான் சொன்னேன். ரங்கி சோறு தண்ணி இல்லாம உக்காந்துட்டா."

"எப்படிச் சொன்னீங்கண்ணே?"

"பாசிமணி வெச்சுத்தான். ஆத்தா குடுக்கறது ஒரு கறுப்பு மணி, அப்பன் குடுக்கறது ஒரு கறுப்பு மணி, ரெண்டும் பிள்ளைகிட்டச் சேர்ந்தா நோய்னு. கூட்டத்துல முன்னால இருந்தாளேன்னு அவ கையில ஒண்ணக் குடுத்தேன். அவ மகன் போன மழையில இந்த நோயிலதான் செத்தான்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

"புருஷன் கையில?"

"அவன் எஸ்டேட்டுக்குப் போயிட்டான்."

கெம்பி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"மக ஒருத்தி உண்டே, மருதி?"

"அவளுக்கும் நோய்தான். காலு வலின்னு அழுவுறா. இன்னும் என்னத்தக் குடுத்துடுவேனோன்னு ரங்கி அவளைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டா. தொட்டா ஒட்டாதுன்னு தலபாடா அடிச்சுச் சொன்னேன், கேக்கல. நான் சொன்னதுல எங்க தப்பு, டீச்சர்?"

"குடையை எடுங்க."

ரங்கி அணைந்த அடுப்பருகே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வலது கை மூடியே இருந்தது. பக்கத்து வீட்டில் பிள்ளை முனகுவது கேட்டது.

கெம்பி மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். "பையனுக்கு வலி வந்தா என்ன செய்வே, ரங்கி?"

"என்னத்தச் செஞ்சேன்? கொன்னேன்."

"குளிர் ராத்திரியில வலி வந்தா?"

ரங்கி சுவரிடம் சொன்னாள். "அடுப்போரம் என் எடத்துல படுக்க வெப்பேன். மடக்கு மடக்கா சுடுதண்ணி குடுப்பேன். தவிட்ட வறுத்துத் துணியில கட்டி முட்டிக்கு ஒத்துவேன். ஆஸ்பத்திரிக்கு முதுகுல தூக்கிட்டு ஓடுவேன். 'ஆத்தா, மெதுவாப் போ, குலுங்குது'ம்பான்..."

பக்கத்து வீட்டிலிருந்து மருதி, "ஆத்தா" என்றாள்.

ரங்கி எழுந்தாள். அடுப்பை மூட்டிச் சட்டியை ஏற்றினாள். தவிடு அள்ளக் கையை விரித்தபோது மணி கீழே விழுந்து உருண்டது. அவள் குனிந்து பார்க்கவில்லை. மழையில் ஓடிப்போய்ப் பிள்ளையை முதுகில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"ஆஸ்பத்திரி ஜீப்புக்குச் சொல்லுங்கண்ணே" என்றாள் கெம்பி.

சொல்லிவிட்டு வந்த நஞ்சன், மணியைத் தேடி எடுத்தான். ரங்கி ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு ஓயாமல் ஏதோ முணுமுணுத்தது. மகளிடமா, மகனிடமா, தெரியவில்லை.

"எங்க தப்புன்னு நீங்க இன்னும் சொல்லல, டீச்சர்."

"தப்பில்லண்ணே. அவ பிள்ளைங்களுக்குக் குடுத்ததுல ஒண்ணே ஒண்ணச் சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டீங்க."