திரளி புடைத்த கதை

அந்தக் காலத்தில், விண்மீன்கள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, அவை எல்லாமே மேடு பள்ளமில்லாத உருண்டைகளாக இருந்தன. அது இயற்கை அல்ல, கட்டளை. போட்டவன் பெருவாயன். இன்று கருந்துளை என்கிறோமே, அவன்தான். அருகில் வந்ததை விழுங்குவது அவன் பிழைப்பு. "யாரும் யார் பக்கமும் புடைக்கக் கூடாது. உருண்டையாக இருப்பதே ஒழுங்கு" என்று அறிவித்திருந்தான். உருண்டையை விழுங்குவது எளிது என்பதை மட்டும் அறிவிக்கவில்லை.

அவனைச் சுற்றி இரண்டு சிறு விண்மீன்கள் ஓடின. உருவம்தான் சிறிது. ஒரு மலைத்தொடரைச் சிமிழுக்குள் அடைத்தது போன்ற கனம். மூத்தவன் இறுகன், இளையவள் திரளி. இருவருக்குள்ளும் கோடானுகோடித் துகள்கள் நெருக்கியடித்துக் கிடந்தன.

"முழங்கையை எடுடா!"

"அது உன் முழங்கைதான், நல்லா பார்!"

இப்படியே அவற்றின் பொழுது போயிற்று.

சுற்றச் சுற்ற, இருவரும் பெருவாயனை நெருங்கினார்கள். அவன் இழுப்பு உடம்பைப் பிடுங்கியது.

"அண்ணா, இடுப்பு அறுந்துவிடும் போல இருக்கிறது. கொஞ்சம் இளகிக்கொள்ளட்டுமா?" என்றாள் திரளி.

"இளகுவதா? நம் வம்சத்தில் எவனாவது இளகியிருக்கிறானா? விறைப்பாக இரு. அவர் மதிப்பார்."

இறுகன் விறைப்பாகவே போனான். பெருவாயன் அவனைச் சிந்தாமல் சிதறாமல் ஒரே வாயில் விழுங்கினான். ஒரு பொறிகூட வெளியே தெறிக்கவில்லை. அவனுக்குள் இருந்த துகள்கள் என்ன ஆயின என்று ஒருவரும் கேட்கவில்லை. தூரத்து விண்மீன்கள், "என்ன கண்ணியமான முடிவு!" என்று சொல்லிவிட்டு, உருண்டையாகவே நின்றுகொண்டன.

அடுத்தது திரளியின் முறை. அவள் பெருவாயனிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

"ஐயா, எனக்குள் இருக்கும் என் பிள்ளைகளையாவது விட்டுவிடுங்கள். நீங்கள் என்னை இழுப்பது போல நானும் உங்களை இழுக்கிறேன். என் கனத்துக்கு உங்கள் உடம்பில் ஒரு சின்ன மேடுகூடவா எழவில்லை?"

பெருவாயன் சிரித்தான். "மேடு எழ வேண்டுமானால் உள்ளே ஏதாவது இருக்க வேண்டும், தங்கச்சி. எனக்கு வாய் மட்டும்தான். நீ எவ்வளவு இழுத்தாலும் நெகிழ என்னிடம் ஒன்றும் கிடையாது."

அவன் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதைக் கேட்டதும் திரளிக்குக் கெஞ்சும் ஆசை விட்டுப்போயிற்று. தன் துகள்கள் பக்கம் திரும்பினாள்.

"பிள்ளைகளே, முன்பக்கத்தை அவன் பலமாக இழுக்கிறான். பின்பக்கத்தில் பிடி தளர்வாக இருக்கிறது. நான் இளகி நீண்டால் நடுவில் அறுந்துவிடுவேன். பின்னால் இருப்பவர்கள் தப்பலாம்."

"முன்னால் இருக்கிறவங்க, ஆத்தா?" என்று கேட்டது ஒரு துகள். நொய்யன் என்று பெயர். முன்வரிசையில் நசுங்கிக் கிடந்தவன்.

"போவீர்கள்."

"இப்படியே இருந்தா?"

"எல்லாரும் போவோம்."

நொய்யன் கொஞ்சம் யோசித்தான். "அப்ப எதுக்கு உருண்டை? போறதுதான் போறோம், பின்னாடி இருக்கிறவனை முதுகில் கை வெச்சுத் தள்ளிட்டுப் போவோம். டேய், தள்ளுங்கடா!"

திரளி இளகினாள். வானத்தில் முதன்முதலாக ஒரு விண்மீன் இருபக்கமும் புடைத்தது. முட்டையாகி, வெள்ளரிப் பிஞ்சாகி, கயிறாகி, நடுவில் அறுந்தது. முன்பாதி பெருவாயன் வாய்க்குள் போயிற்று. நொய்யனும் போனான். அதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பின்பாதி மட்டும் சவுக்குப் போலச் சுழன்று, வெளியே வீசப்பட்டது.

பின்பாதியின் துகள்கள் பயந்து பயந்து முழங்கையை அசைத்துப் பார்த்தன. பிறகு ஒரு துகள் மெல்லச் சொன்னது:

"இங்கே இடம் இருக்கு."

"எவ்வளவு?"

"தெரியலை. போய்க்கிட்டே இருக்கு."

துகள்கள் சிரித்தன, அழுதன, கைகால்களை நீட்டிப் படுத்தன. அந்த மகிழ்ச்சியில் பற்றிக்கொண்ட ஒளி வானத்தின் மறு கோடிவரை தெரிந்தது. உருண்டை கலைந்தால் அண்டமே இடிந்துவிடும் என்று பயமுறுத்தப்பட்டிருந்த விண்மீன்கள் அண்ணாந்து பார்த்தன. எதுவும் இடியவில்லை. ஒவ்வொன்றாக, அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டன.

அன்று முதல்தான், எவ்வளவு கனத்த விண்மீனும் பக்கத்தில் ஒரு பாரம் நெருங்கினால் வெட்கப்படாமல் இருபக்கமும் புடைக்கிறது. எவர் இழுத்தாலும் மேடு எழாமல் மொழுமொழுவென்று இருப்பவன் பெருவாயன் ஒருவன்தான்.