கொஞ்சம் மெதுவா அடிங்க

“தூக்கமே வராம இருக்க ஒரு வழி சொல்லுங்க, சாமி.”

வேலாண்டிச் சாமியார் பாதிக் கொட்டாவியில் வாயை மூடிக்கொண்டார். தூக்கம் வரவில்லை என்று புலம்புகிறவர்கள்தான் அவருடைய மடத்துக்கு அதிகம் வருவார்கள். தூக்கம் வேண்டாம் என்று ஒருத்தி வந்து நிற்பது இதுதான் முதல் தடவை.

அவள் பெயர் செண்பகவடிவு. சாமியாரைவிட மூத்தவள். சுவரில் சாய்ந்தால் கண் அசந்துவிடும் என்று பயந்து, முற்றத்து நடுவில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மகள் கோமதி.

“தூங்கினா என்னம்மா?”

“எனக்கு அந்தத் தகுதி இல்ல, சாமி. ஆஸ்பத்திரியில எங்க வீட்டுக்காரருக்குத் துணையா இருந்தேன். கட்டிலுக்குக் கீழ சித்த தலையச் சாய்ச்சேன். முழிச்சுப் பாக்கேன், போயிட்டாக. ‘ஏளா, தண்ணி’ன்னு கேட்டாகளோ என்னமோ. நான் தூங்கிட்டேனே. பாவி தூங்கிட்டேனே.”

சொல்லச் சொல்ல மாரில் அடித்துக்கொண்டாள். கோமதி அந்தக் கையைப் பிடித்தாள்.

“காரியம் முடிஞ்சும் இதே கததான், சாமி. கண்ணு சொக்குனா போதும், அடிச்சுக்கிடுதா. நெஞ்செல்லாம் கன்னிப் போச்சு. இப்படியே போனா எங்க அம்மையும் எனக்கு இல்லாமப் போயிருவா.”

“கைய விடு. அடிக்கட்டும்” என்றார் சாமியார்.

கோமதிக்குக் கோபம் வந்தது. இருந்தாலும் விட்டாள்.

அடி விழுந்தது.

“கொஞ்சம் மெதுவா அடிங்க.”

“எதுக்கு, சாமி?”

“சத்தத்துல எனக்குக் காது வலிக்கு.”

மெதுவாக அடித்தாள்.

“இன்னும் கொஞ்சம்.”

எதிர்த்துப் பேச அவளுக்குத் தெம்பில்லை. சொன்னபடி செய்தாள்.

“இன்னும்.”

முற்றத்து வேப்ப மரத்து நிழல் மெல்ல அவள் மடிக்கு வந்தது. அழுகை ஓய்ந்துவிட்டது. கை மட்டும் அதே இடத்தில், ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது.

“ஆராரோ... ரோ... ரோ...” என்று அவளையும் அறியாமல் வாயிலிருந்து வந்தது.

கோமதி நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கை தட்டத் தூங்கி வளர்ந்தவள் அவள்.

செண்பகவடிவுக்கும் தன் குரல் கேட்டுவிட்டது. கை நின்றது.

“சாமி, நான் யாரத் தூங்க வைக்கேன்?”

சாமியார் உதட்டில் விரலை வைத்தார்.

“கைய எடுத்திராதீங்கம்மா. முழிச்சுக்கிடும்.”