லட்சத்தில் ஒருத்தி

ரிஸ்வானா டீச்சருக்கு வயது முப்பது. அவரிடம் கம்ப்யூட்டர் கற்க வரும் பிலோமினாவுக்கு ஐம்பத்திரண்டு. தூத்துக்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில், ஞாயிறு பூசை முடிந்ததும் பாடம் நடக்கும்.

அந்த ஞாயிறு பிலோமினா உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"என்னக்கா, உக்காருங்க."

"வடிவைக் கண்டுபிடிச்சிட்டாங்க டீச்சர்."

வடிவு, இறால் கம்பெனியில் பிலோமினாவுக்குப் பக்கத்தில் நின்று இறால் உரிப்பவள். அவர்கள் வரிசையில் நாற்பது பெண்கள். கழிப்பறைக்குப் போக ஒரே ஒரு டோக்கன். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கெஞ்சினால்தான் எடுப்பார் சூப்பர்வைசர். பெயர் போடாமல் புகார் எழுத கம்பெனியின் இணையப் பக்கத்தில் ஓர் இடம் உண்டு. வடிவு அதில் எழுதினாள். எழுதச் சொன்னவள் பிலோமினா.

"பேரே போடலையே, எப்படித் தெரிஞ்சுது?"

"அதான் எனக்கும் விளங்கல," என்றாள் பிலோமினா. பாதி விளங்கித்தான் இருந்தது. அந்தப் பாதி இரண்டு நாளாக அவளைச் சோறு தின்ன விடவில்லை.

"அவ போன்ல பிரவுசர் செட்டிங்ஸை யாராவது மாத்தினாங்களா?"

"நான்தான்."

"என்னென்ன மாத்தினீங்க?"

போன வாரமென்றால் பெருமையாகச் சொல்லியிருப்பாள். இன்று, வடிவை மறைக்கச் செய்ததையெல்லாம் விரல் மடக்கிச் சொன்னாள். வந்தவரை அடையாளம் வைத்துக்கொள்ளும் குக்கீயை அடைத்திருந்தாள். நேரத்தை ஐஸ்லாந்து நேரமாக்கி, மொழியைப் போர்ச்சுகீசியம் ஆக்கியிருந்தாள். போனைப் பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர் என்று பொய் சொல்ல வைத்திருந்தாள். யாரோ போட்ட வீடியோவைப் பார்த்து பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன் ஆறு வேறு சேர்த்திருந்தாள். வீடியோ போட்டவனுக்கு என்ன, பேசிவிட்டுப் போய்விட்டான்.

"லீவு எழுதறதும் இதே பிரவுசர்லயா?"

"ஆமா. அதுக்குப் பேரும் நம்பரும் போட்டாத்தான் உள்ள விடும்."

"பிரவுசரைச் சோதிக்கிற பக்கம் ஒண்ணு சொல்லிக் கொடுத்தேனே. பாத்தீங்களா?"

வடிவின் பிரவுசரைச் சோதித்தபோது எடுத்த படத்தைப் பிலோமினா தன் போனில் காட்டினாள். இதுவரை சோதித்த மூன்று லட்சம் பிரவுசர்களில் இதைப்போல் இன்னொன்று இல்லை என்று அதில் இருந்தது.

"இதைப் பாத்து என்ன நினைச்சீங்க?"

"பரிசு விழுந்த மாதிரி இருந்துச்சு." குரல் இறங்கிவிட்டது. "மாதாவே வந்தாலும் உன்னைக் கண்டுபிடிக்க முடியாதுன்னு அவகிட்ட சொன்னேன் டீச்சர்."

டீச்சர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பிலோமினாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"உங்க வரிசை போட்டோ ஏதாவது இருக்கா?"

மகளிர் தினத்தன்று எடுத்தது இருந்தது. எல்லாருக்கும் நீலக் கோட்டு, வெள்ளைத் தொப்பி, முகமூடி.

"இதுல வடிவு யாரு?"

"இந்தா... இல்ல, இது அந்தோணியம்மா." பிலோமினா படத்தைப் பெரிதாக்கினாள், நகர்த்தினாள். வடிவு அகப்படவில்லை. தன்னையே அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இதுல ஒருத்திக்கு மட்டும் கறுப்புக் கண்ணாடியும் ஒட்டு மீசையும் வச்சு விட்டா?"

"போதும் டீச்சர்." பெயரோடு லீவு எழுதிய அதே விசித்திரப் பிரவுசரில்தான் வடிவு புகாரும் எழுதியிருந்தாள். தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது.

டீச்சர் கம்ப்யூட்டரில் ஒரு பிரவுசரைத் திறந்தார். "யார் திறந்தாலும் ஒரே மாதிரி தெரியற மாதிரி செஞ்சது இது. இதுல ஒண்ணையும் மாத்தக் கூடாது. பிரவுசர் ஜன்னலைக்கூடப் பெருசாக்கக் கூடாது."

"இதை அன்னைக்கே கேட்டிருக்கணும்," என்றாள் பிலோமினா. "நாளைக்கு விசாரணை. அவளை மட்டும் கூப்பிட்டிருக்காங்க, வேலை போயிரும். பிரவுசரை மாத்திக் கொடுத்தது யாருன்னு கேட்டாங்களாம். என் பேரைச் சொல்லவே இல்ல அவ."

அதைச் சொன்னபோது அழுதுவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"இனி அவளை எந்த செட்டிங்ல மறைக்கலாம் டீச்சர்?"

"டோக்கனுக்கு எத்தனை பேர் கெஞ்சினீங்க?"

"நாப்பது பேரும்."

"நீங்க?"

"போன மாசம் ஒரு நாள் போட்டிருந்த கோட்டை நனைச்சிட்டு நின்னேன்." இதை அவள் தன் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

"எத்தனை புகார் போச்சு?"

பிலோமினா தலையைக் குனிந்துகொண்டு, "ஒண்ணு," என்றாள்.

டீச்சர் புகார்ப் பக்கத்தைத் திறந்து, நாற்காலியை அவளுக்காக இழுத்துப் போட்டார். பிலோமினா உட்கார்ந்தாள். விசைப்பலகையில் கை வைக்க வெகுநேரம் ஆனது.

"பேர் போடணுமா டீச்சர்?"

"வடிவு பேர் அவங்களுக்குத் தெரிஞ்சாச்சுக்கா. அவ பக்கத்துல யாரு நிக்கிறாங்கன்னுதான் இன்னும் தெரியல."