அடி தட்டாத கார்

மடத்துக்குப் போற ரோட்ல மூணு ஸ்பீடு பிரேக்கர். டீக்கடைக்கு முன்னால ஒண்ணு, மாரியம்மன் கோயிலுக்கு முன்னால ஒண்ணு, பள்ளிக்கூடத்துக்கு முன்னால ஒண்ணு. டீக்கடைக்கு எதுக்குன்னு யாருக்கும் தெரியாது. டீக்கடைக்காரருக்குத் தெரியும்.

அன்னிக்குக் காலையில அந்த ரோட்ல வந்துதான் நாச்சிமுத்து மடத்து வாசல்ல கார நிறுத்தினார். திருப்பூர்ல பனியன் கம்பெனி வச்சிருக்கறவர். வயசு அம்பத்தெட்டு. மடத்துச் சாமிக்கு நாப்பதுதான் இருக்கும். ஆனாலும் சீடர் நாச்சிமுத்துதான்.

கார் மஞ்சக் கலர். ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே சீட்டு. தரையோட ஒட்டிக்கிட்டு இருக்கும். அதுல இருந்து நாச்சிமுத்து இறங்கறதே ஒரு வேலை. மொதல்ல ஒரு கால் வெளிய வரும். அப்புறம் ஒரு கை வந்து பிடிமானம் தேடும். கொஞ்ச நேரம் ஒண்ணும் வராது. "முருகா"ன்னு ஒரு சத்தம் வரும். அதுக்குப் பின்னாடி நாச்சிமுத்து வருவார்.

சாமி கெணத்தடியில துணி துவைச்சிட்டு இருந்தார்.

"ஒரு கேள்விங்க சாமி."

"கேளுங்க."

வண்டி வாங்கி மூணு வருசம் ஆச்சாம். கம்பெனி குடுத்த வாரண்டி இன்னிக்கு சாயங்காலத்தோட முடியுதாம். தனியாப் பணம் கட்டினா இன்னும் ரெண்டு வருசத்துக்கு நீட்டிக்கலாமாம். ஷோரூம்ல இருந்து ஒருத்தர் தினமும் போன்ல கூப்பிடறாராம். நாளைக்கு என்ன நடக்கும்னு நம்ம கையிலயா இருக்குன்னு தேன் மாதிரி கேக்கறாராம். போனைக் காதுல வச்சா சாமி பேசற மாதிரியே இருக்காம்.

"எடுக்கலாங்களா, வேண்டாங்களா? மனசு ஒரு பக்கமா நிக்க மாட்டேங்குது."

சாமி வேட்டியப் பிழிஞ்சு கொடியில போட்டார்.

"எது கெட்டாப் பார்த்துத் தருவாங்க?"

"இன்ஜின், கியர், கரண்டு சமாச்சாரம் எல்லாமே."

"எதைப் பார்க்க மாட்டாங்க?"

"வண்டியோட அடி ரோட்ல தட்டினாப் பார்க்க மாட்டாங்க. அது ஓட்டறவன் தப்பாம். இன்னிக்கு வண்டியத் தூக்கி நிறுத்தி அடியில பார்ப்பாங்க. ஒரு கீறல் இருந்தாலும் வாரண்டிய நீட்ட மாட்டாங்களாம்."

"இருக்கா?"

"ஒண்ணு கூட இல்லீங்க."

"மூணு வருசம். இந்த ரோட்ல."

"ஒண்ணு கூட." சொல்லும்போதே நாச்சிமுத்து நெஞ்சு கொஞ்சம் நிமிந்துச்சு.

சாமி ஈரக் கையத் துடைச்சிக்கிட்டே காருக்குப் போனார். குனிஞ்சு ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தார். பக்கத்து சீட்டுல ஒரு தூக்குப்போசி இருந்துச்சு. உள்ள புளிசாதம். போசிக்கு சீட் பெல்ட் போட்டிருந்துச்சு.

நாச்சிமுத்து சம்சாரம் தனபாக்கியம். மடத்துக்குப் புளிசாதம்னா அவங்க கையில தூக்கிட்டு வந்துதான் பழக்கம்.

"அக்கா வரலீங்களா?"

"வந்தாளுங்க."

"எங்க?"

நாச்சிமுத்து துண்ட எடுத்து மூஞ்சியத் துடைச்சார். அங்க வேர்வை ஒண்ணும் இல்ல.

அப்புறம் மெதுவாச் சொன்னார். ஒரு ஆள் இருந்தா அடி தட்டாது. ரெண்டு ஆள் ஏறினா வண்டி தணிஞ்சிரும், தட்டும். அதனால ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் தனபாக்கியம் இறங்கிக்குவாங்க. இவர் வண்டிய ஒருச்சாய்ச்சு ஏத்தி அந்தப் பக்கம் இறக்குவார். அவங்க நடந்து வந்து ஏறிக்குவாங்க. இப்பக் கொஞ்ச நாளா அவங்களுக்கு முட்டி வீக்கம். இறங்க நேரமாகுது. போன தடவை பள்ளிக்கூடத்துக்கிட்ட இறங்கறப்ப வேலியோரமா நின்னுக்கிட்டு புள்ளைங்கல்லாம் "ஐலசா" பாடிருச்சுங்க. இன்னிக்கு டீக்கடைக்கிட்ட இறங்கினவங்க, கடை பெஞ்சுல போய் உக்காந்துட்டாங்க. நீங்க போங்க, சாதம் ஆறிரும்னு சொல்லிட்டாங்க.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஷோரூமுக்கு நேரமாகுதுன்னேன்."

"அப்புறம்?"

நாச்சிமுத்து தரையப் பார்த்தார்.

"போசிக்குப் பெல்ட் போட்டேங்க."

சாமி சிரிக்கல. "சாவியக் குடுங்க."

மடத்து வேனை ஓட்டறது சாமிதான். அதனால நாச்சிமுத்து பயப்படாமக் குடுத்தார். போசிய மடியில வச்சுக்கிட்டு, தனபாக்கியம் உக்கார்ற சீட்டுல உக்காந்தார். மூணு வருசத்துல அந்தப் பக்கம் உக்கார்றது இதுதான் மொதல் தடவை.

பள்ளிக்கூடம் வந்துச்சு. சாமி ஸ்பீடு பிரேக்கருக்கு முன்னால நிறுத்தினார். இன்ஜின் மட்டும் உறுமிக்கிட்டு இருந்துச்சு.

"என்னங்க சாமி?"

"தட்டுமே."

ஒரு கால் வந்துச்சு. ஒரு கை வந்துச்சு. கொஞ்ச நேரம் ஒண்ணும் வரல. அது இன்டர்வல் நேரம். வேலியோரமா ஒரு குரல் மெதுவா "ஐலசா"ன்னுச்சு. மிச்சத்தப் பள்ளிக்கூடமே பாடி முடிச்சுச்சு.

சாமி வண்டிய ஒருச்சாய்ச்சு ஏத்தி இறக்கி, நாச்சிமுத்து எப்பவும் நிறுத்தற மாதிரியே கொஞ்சம் தள்ளிப் போய் நிறுத்தினார். நாச்சிமுத்து போசியத் தூக்கிக்கிட்டு நடந்தார். செருப்பு மடத்து வாசல்லயே கிடந்துச்சு. தார் சுட்டுச்சு. கதவத் திறந்தப்ப உள்ள இருந்து ஒரு குரல் வந்துச்சு.

"கால நல்லாத் தட்டிட்டு ஏறு புள்ள. சீட்டுல மண்ணு ஆகப் போகுது."

அச்சு அசல் நாச்சிமுத்து குரல். மடத்து வாசல்ல அவர் தனபாக்கியத்துக்கிட்ட சொல்றது மடம் பூரா கேக்கும். சாமிக்குக் கேக்காதா?

நாச்சிமுத்து கால நல்லாத் தட்டிட்டு ஏறினார்.

கோயில்கிட்ட தண்ணி லாரிக்குக் காத்துக்கிட்டு பொம்பளைங்க குடத்தோட நின்னாங்க. சாமி நிறுத்தினார். நாச்சிமுத்து தலையக் குனிஞ்சுக்கிட்டே இறங்கினார். குனிஞ்சா அடையாளம் தெரியாதுன்னு நெனைச்சார். ஒரு அம்மா ரொம்ப மரியாதையாக் கேட்டுச்சு.

"ஏனுங்க, இன்னிக்கு உங்க முறைங்களா?"

அந்தம்மா கிண்டலுக்குக் கேக்கலங்கறதுதான் அவருக்குத் தாங்கல.

டீக்கடை வந்துச்சு. தனபாக்கியம் ஒரு கால நீட்டிக்கிட்டு பெஞ்சுல டீ குடிச்சிட்டு இருந்தாங்க. கார் வந்து நின்னதப் பார்த்தாங்க. அவங்க பக்கத்துக் கதவு திறந்துச்சு. ஒரு கால் வந்துச்சு. ஒரு கை வந்துச்சு. கொஞ்ச நேரம் ஒண்ணும் வரல.

முருகாவும் வரல.

தனபாக்கியம் டம்ளரக் கீழ வச்சாங்க. விந்தி விந்தி வந்து, போசிய வாங்கிக் கீழ வச்சுட்டு, கையக் குடுத்தாங்க.

"ஒத்தக் கால வெளிய வைக்காதீங்க. இப்படித் திரும்பி உக்காருங்க. ரெண்டு காலையும் சேர்த்து எடுங்க. இப்பக் கையப் பிடிங்க." அவர் எந்திரிச்சு நின்னதும் சொன்னாங்க, "எனக்கே இது பிடிபட ரொம்ப நாளாச்சு."

நாச்சிமுத்து பிடிச்ச கைய விடல. ஏதோ சொல்ல வாயத் திறந்தார். அந்நேரம் பார்த்து சட்டைப் பையில போன் அடிச்சுச்சு. ஷோரூம். அடிச்சு அடிச்சு தானா ஓஞ்சுச்சு. அப்புறம் அவருக்குச் சொல்ல வந்தது வரல.

"வீட்டுக்குப் போலாமா?"ன்னு மட்டும் கேட்டார்.

தனபாக்கியம் கார ஒரு தடவை பார்த்தாங்க. அவர் வெறுங்கால ஒரு தடவை பார்த்தாங்க. ஏறி உக்காந்தாங்க.

இருக்கறது ரெண்டே சீட்டு. சாமி இறங்கி சாவியக் குடுத்துட்டு, போசிய எடுத்துக்கிட்டார். மடத்துக்கு நடந்தே போய்க்கறேன்னார்.

நாச்சிமுத்து வண்டியக் கிளப்பினார். முன்னால டீக்கடை ஸ்பீடு பிரேக்கர். தனபாக்கியம் கை பழக்கத்துல கதவுக்குப் போச்சு.

"இறங்கட்டுங்களா?"

அவர் வேண்டாம்னு தலைய ஆட்டினார். பிரேக்குல இருந்து கால் மட்டும் வரல. போன் மறுபடி அடிச்சுச்சு. ஜன்னல் வழியாத் தலைய நீட்டினார். கண்ணு கலங்கி இருந்துச்சு.

"சாமி, ரெண்டு பேரும் இருந்தா அடி தட்டுங்களே."

சாமி போசிய இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்தினார்.

"தட்டட்டும். உள்ள ரெண்டு பேர் இருக்காங்கன்னு வண்டிக்கும் தெரியட்டும்."