வேகத்தடை வந்தால் இறங்க வேண்டும்

சென்னியப்பன் வருகிறார் என்பது ஆசிரமத்துக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். வாய்க்கால் பாலத்தில் அவருடைய கார் உறுமிக்கொண்டு திரும்பும்போதே தோப்பிலிருக்கும் மயில்கள் பதிலுக்குக் கத்த ஆரம்பித்துவிடும். தியானத்தில் இருப்பவர்கள் ஒரு கண்ணைத் திறந்து மூடிக்கொள்வார்கள்.

அது பந்தயத் தடத்துக்கென்று செய்த கார். ரோட்டிலும் ஓட்டிக்கொள்ளலாம் என்று அனுமதி உண்டு, அவ்வளவுதான். ஏசி கிடையாது. பாட்டு கிடையாது. பின் சீட்டு கிடையாது. தரைக்கும் அதற்கும் நடுவில் ஒரு செருப்பு நுழைவதே கஷ்டம். என்றாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பந்தயத் தடத்தில் விரட்டுவார். அங்கே அதைப் பார்க்க வேண்டும், அத்தனை அழகு. மற்ற நாளெல்லாம் டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் முதல் கியரில் உறுமிக்கொண்டு போகும். வீட்டிலிருந்த பழைய காரைக் கொடுத்துவிட்டுத்தான் இதை வாங்கியிருந்தார். கறிகாய் வாங்கவும் இதுதான், கல்யாணத்துக்குப் போகவும் இதுதான்.

அன்று வந்தவரின் முகம் வாடியிருந்தது. குருவுக்கு எதிரே உட்கார்ந்தார். குருவுக்கு அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவு. குரு அவரை அண்ணா என்பார், அவர் குருவை அம்மா என்பார்.

"அம்மா, வசந்தாமணி இப்பல்லாம் எங்கூடக் கார்ல வர்றதே இல்லீங்க."

வசந்தாமணி அவர் மனைவி.

"ஏனுங்கண்ணா?"

"தெரியலீங்க. இன்னிக்கு எங்க கல்யாண நாளு. பழனிக்குப் போலாம்னு கூப்பிட்டேன். 'நீங்க கார்ல வாங்க, நான் பஸ்ல முன்னாடி போறேன்'னு கெளம்பிட்டா."

"அப்ப நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"கார்ல போனா பஸ்ஸைப் புடிச்சுரலாமுங்க. அது மெதுவாத்தான போகும்."

குரு சிரிக்கவில்லை.

"அவளைத் திரும்பக் கார்ல உக்கார வைக்க ஒரு வழி சொல்லுங்கம்மா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"என்னைப் பேரூர் வரைக்கும் கூட்டிட்டுப் போங்க" என்று குரு எழுந்தார்.

காரில் ஏறுவது சுலபமாக இல்லை. குரு பக்கவாட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு காலாகக் கையால் தூக்கி உள்ளே வைத்தார். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு என்று நாலு பட்டைகளைச் சென்னியப்பன் மாட்டிவிட்டார். பாறை மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ரோட்டில் கிடந்த ஒவ்வொரு கல்லும் முதுகுக்குத் தெரிந்தது.

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் முதல் வேகத்தடை வந்தது. கார் நின்றது.

"அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. கொஞ்சம் இறங்கிக்கறீங்களா? ரெண்டு பேரு உக்காந்தா வண்டியோட அடி மேட்டுல தட்டுதுங்க."

குரு நாலு பட்டைகளையும் அவிழ்த்து, இறங்கி, மேட்டைத் தாண்டி நடந்தார். டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படி ஏறுகிறவர்போல, சென்னியப்பன் காரை ஓரமாகச் சாய்த்துச் சாய்த்து ஏற்றி இறக்கினார். குரு மறுபடி ஏறிக்கொண்டார்.

ரேஷன் கடைக்கு முன்னால் இன்னொன்று வந்தது. குரு கேட்காமலே இறங்கினார், ஏறினார்.

"வசந்தாமணியும் இப்படித்தான் இறங்குவாங்களா?"

"ஆமாங்க. மொதல்லதான் சண்டை போடுவா. 'ஊரே பாக்குது, நடு ரோட்டுல இறக்கி விடறீங்களே'ன்னு. அப்பறம் பழகிக்கிட்டா. இடுப்பு வலி வேற அவளுக்கு. ஆனா ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளுங்க."

பெருமையாகத்தான் சொன்னார். சொல்லி முடித்த பிறகு அது அவர் காதுக்கே நன்றாக இல்லை.

"காரை வாங்கச் சொன்னதே அவதானுங்க" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "'எத்தனை வருச ஆசை, வாங்கிருங்க'ன்னா. எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்துன அன்னிக்கு மொதல்ல ஏறி உக்காந்தவ அவதான்."

மாரியம்மன் கோயிலருகே இன்னொரு வேகத்தடை. குரு இறங்கினார். கார் தாண்டியதும் சென்னியப்பன் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். குரு ஏறவில்லை. ரோட்டோரமாக நடந்துகொண்டே இருந்தார்.

"அம்மா, ஏறுங்க!"

"அடுத்தது அங்க தெரியுதுங்களே. அதையும் தாண்டிக்கறேன்."

சென்னியப்பன் காரைக் கூடவே நகர்த்தினார். ஓடுவதற்கென்று பிறந்த இஞ்சினுக்கு ஊர்ந்து போவது ஆகாது. சூடு ஏறி, மின்விசிறி இரைந்தது. முன்னால் போன குருவோடு, புல்லுக்கட்டு சுமந்து வந்த ஒரு பெண் சேர்ந்துகொண்டார். இருவரும் ஏதோ பேசினார்கள். அந்தப் பெண் ஏதோ சொல்ல, குரு வாய்விட்டுச் சிரித்தார். காருக்குள்ளே இரைச்சலில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கண்ணாடி வழியே இரண்டு முதுகுகள் மட்டும் தெரிந்தன.

சென்னியப்பன் அந்த முதுகுகளையே பார்த்தார். அத்தனை தடவை வசந்தாமணி இறங்கி நடந்திருக்கிறாள். அவள் எப்படி நடந்தாள், வலிக்கிற இடுப்பில் கை வைத்துக்கொண்டாளா, யாரையாவது பார்த்துச் சிரித்தாளா, எதுவும் அவருக்கு நினைவில்லை. அப்போதெல்லாம் அவர் பார்த்தது காரின் முன் விளிம்பு தரையில் உரசுகிறதா என்பதை மட்டும்தான்.

காரை ஓரங்கட்டி நிறுத்தினார். அவசரமாகப் பட்டைகளை அவிழ்த்துக்கொண்டு இறங்கி, ஓடிப் போய்க் குருவைப் பிடித்தார். புல்லுக்கட்டுக்காரப் பெண் வரப்பில் இறங்கிப் போய்விட்டிருந்தார்.

"வித்துர்றேங்கம்மா. இன்னிக்கே வித்துர்றேன்."

"என்கிட்ட ஏன் சொல்றீங்க?"

அவர் போனை எடுத்து மனைவியை அழைத்தார். ரோட்டு இரைச்சலில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"வசந்தா, காரை வித்துர்றேன் வசந்தா."

"எதுக்குங்க?" பஸ் சத்தத்துக்கு நடுவே வசந்தாமணியின் குரல் தெளிவாக வந்தது. "ஆசைப்பட்டு வாங்குனது. நீங்க ஓட்டுங்க."

"அடுத்த பஸ்ஸுல நானும் வந்தர்றேன். அங்கயே இரு."

"அட, உங்களுக்கு எதுக்குங்க அலைச்சல்? எனக்கு சன்னலோரமா சீட்டு கெடச்சிருச்சு. பக்கத்துல ஒரு அக்கா உக்காந்திருக்காங்க, அவங்களும் பழனிக்குத்தான். நல்லாப் பேசிட்டு வர்றாங்க. சாமி கும்பிட்டுட்டு, அப்படியே தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வர்றேன். நேரத்துக்குச் சாப்பிட்டுக்குங்க. வெச்சரட்டுங்களா?"

வைத்துவிட்டாள்.

சென்னியப்பன் போனைச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு முகம் லேசாகத் தெளிந்தது.

"அவளுக்கு எம்மேல கோவமே இல்லீங்கம்மா" என்றார்.

குரு அவரை ஏறிட்டுப் பார்த்தார். அந்தக் கண்களில் இரக்கம் இருந்தது.

"இருந்திருந்தா நல்லாருந்திருக்குமுங்கண்ணா."